இதுல தப்பு இல்ல, மாமா

ஒரு ஞாயிறு பகல் சாப்பாடு முடிந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பதினேழு வயது. படிப்பு போக மிச்ச நேரமெல்லாம் அந்தப் போனுக்குள் பாட்டு கட்டிக்கொண்டிருக்கிறான். திரையில் பதினாறு கட்டங்கள். எதைத் தட்டுகிறானோ அது ஒளிரும். வெளிச்சம் வரிசையாகச் சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கொட்டு விழும். அது சுற்றச் சுற்றத் தாளமாகிவிடும்.

"மாமா, இதுல தப்பு இல்ல."

பிழையில்லாமல் செய்துவிட்டேன் என்கிறான் போல என்று நினைத்து, "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அந்தத் தப்பு இல்ல மாமா. திருவிழாவுக்கு அடிக்கிற தப்பு. தபலா இருக்கு, ஆப்பிரிக்காக்காரங்க கொட்டு இருக்கு, ஜப்பான்காரங்க முரசு இருக்கு. நம்ம தப்பு மட்டும் இல்ல."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு அவனே, "இதெல்லாம் வெளிநாட்டு மியூசிக்தானே, நம்மளுது எப்புடி இருக்கும்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானத்தைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அன்று சாயந்தரம் வரைக்கும் அவனிடம் பேசியதையும், அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் செய்த ஒரு காரியத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. எலெக்ட்ரோனிக் ஒலி எங்கள் லயத்துக்குக் கரண்ட் வருவதற்கு முந்தியே வந்துவிட்டது.

எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, பதுளைக்கு அடுத்த பசறைப் பக்கம். நமுனுகுல மலையின் ஒரு தோள்பட்டை வாசலிலிருந்தே தெரியும். பன்னிரண்டு காம்பரா. 1970-களின் கடைசியில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, அதில் ஐந்து காம்பராவில் ரேடியோ இருந்தது. மாலையில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆனால் ரேடியோ பாடும். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்திராவிட்டால் இது நடந்திருக்காது. வால்வு ரேடியோவுக்கு வீட்டில் கரண்ட் வேண்டும், இல்லாவிட்டால் கனத்த பெட்டரி வேண்டும். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு டோர்ச்சில் போடும் பெட்டரி சிலது போதும். அது தீர்ந்துபோனாலும் தாத்தா உடனே எறிய மாட்டார். தகரத்தின் மேல் வெயிலில் வரிசையாக வைப்பார். சூடேறினால் உள்ளே இருக்கும் இரசாயனம் இன்னும் கொஞ்சம் வேலை செய்யும். மறுபடி ரெண்டு நாளைக்குப் பாட்டு. அந்த ரெண்டு நாளும் பாட்டு கொஞ்சம் கரகரத்து, ஓரம் கிழிந்து வரும். மின்னழுத்தம் குறைந்த டிரான்சிஸ்டர் ஒலியின் உச்சிகளை வெட்டிவிடுவதால் வரும் கரகரப்பு அது. அந்த ஓசைக்காகவே கிட்டார்க்காரர்கள் தங்கள் ஃபஸ் பெட்டிக்கு வேண்டுமென்றே சக்தி இறங்கிய பெட்டரி போடுவார்கள் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது, தாத்தாவின் தகரம்தான் கண்முன் வந்தது.

நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்ததைப் பற்றி.

சிற்றலையில் முள்ளைத் திருப்புவார் தாத்தா. ஒரு நிலையம் போய் இன்னொன்று வருவதற்குள் ஒரு விசில் கிளம்பும். உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டே இறங்கி, அடிவயிற்றில் கரைந்து, மறுபடி ஏறும். ஏதோ பறவை என்று நான் நம்பியிருந்தேன். அதன் பின்னாலிருக்கும் கணக்கு லேசானது. ஒரு நிலையம் 9700 கிலோஹெர்ட்சில் ஒலிபரப்புகிறது, இன்னொன்று 9703-இல் என்று வையுங்கள். தனித்தனியாக இரண்டுமே காதுக்கு எட்டாத அதிர்வுகள். ரேடியோவுக்குள் இரண்டும் கலக்கும்போது அவற்றின் வித்தியாசம், 3 கிலோஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்கும் விசிலாக வந்துவிடுகிறது. கேட்காத இரண்டு சேர்ந்து கேட்கிற ஒன்றைப் பெறுகின்றன.

ரஷ்யாவில் லெவ் தெர்மென் என்ற இளம் பௌதிகவியலாளர் 1920-இல் இதே வித்தையைக் கைப்பிடித்து ஒரு வாத்தியம் செய்தார். இரண்டு வானொலி அலைவெண் அலையாக்கிகள். ஒன்று அசையாமல் நிற்கும். மற்றது ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் உடம்பின் மின்தேக்கம் அதன் அதிர்வை மாற்றிவிடும். வித்தியாசம் மாறும், சுருதி மாறும். தொடாமலே வாசிக்கிற வாத்தியம். தெரமின் என்று அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. 1922-இல் லெனினுக்கு முன்னால் வாசித்துக் காட்டினார்.

ரேடியோவுக்குப் பக்கத்தில் போனால் தாத்தா "கைய எடுடா, நிலையம் ஓடிப்போகுது" என்று அதட்டுவார். கையைக் கிட்டே கொண்டுபோவேன், குரல் தேயும். எடுப்பேன், திரும்பி வரும். அவர் கொழுந்து மடுவத்துப் பக்கம் போன நேரம் பார்த்து நான் அதை விளையாட்டாகவே செய்ததுண்டு. ஏழு வயதில் மண்ணெண்ணெய் விளக்கடியில் நான் தொட்டது தெர்மெனின் கையை என்று மருமகனிடம் சொன்னபோது அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தான்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ் 1951-இல் பன்னிரண்டு ரேடியோக்களுக்கு ஓர் இசைக்கோவை எழுதினார். ஒரு ரேடியோவுக்கு இரண்டு பேர். ஒருவர் முள்ளைத் திருப்ப, மற்றவர் ஒலியைக் கூட்டிக் குறைக்க, மொத்தம் இருபத்துநான்கு பேர். அன்றைக்கு வானில் என்ன ஓடுகிறதோ அதுதான் இசை. ஸ்டொக்ஹவுசன் 1968-இல் எழுதிய 'குர்ட்ஸ்வெல்லன்' என்ற படைப்பின் பெயரே சிற்றலை என்றுதான் பொருள்படும். வாத்தியக்காரர்கள் சிற்றலை ரேடியோவில் பிடிபட்டதைக் கேட்டு, அதற்குப் பதில் வாசிக்க வேண்டும். அதே ஸ்டொக்ஹவுசன் 1968-க்கும் 1970-க்கும் இடையில் எழுதிய ஒரு தொகுப்பில் 'சிலோன்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதன் இசைத்தட்டில் கண்டி மத்தளமும் ஒலிக்கிறது.

எனக்குக் கேஜின் பன்னிரண்டு ரேடியோவைப் படித்ததும் எங்கள் பன்னிரண்டு காம்பரா ஞாபகம் வந்தது. லீவு நாளில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் முதல் காம்பராவில் கேட்ட பாட்டின் சரணம் தொங்கல் காம்பராவில் முடியும். நடுவில் ஒருவர் வீட்டில் செய்தி, இன்னொருவர் வீட்டில் பெட்டரி இறங்கிய இழுவை. குடத்தோடு நடந்தவர்கள் எல்லோரும் அதை ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகக் கேட்டோம். கேஜ் பெரியவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படிக் கேட்கிற காது எங்களுக்கு வெளியிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை.

எலெக்ட்ரோனிக் இசைக்கு உலகத்திலும் ரேடியோதான் தாய். மருமகன் சிந்தசைசரில் இருந்து கதையைத் தொடங்கினான், நான் தடுத்து வானொலி நிலையங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாரிசிலும் கொலோனிலும் 1951, தோக்கியோவிலும் மிலானிலும் 1955, லண்டன் பிபிசியில் 1958. இந்த எலெக்ட்ரோனிக் இசைக்கூடங்கள் எல்லாமே வானொலி நிலையங்களுக்குள் பிறந்தவை. காரணம் சாதாரணமானது. அலையாக்கி, வடிகட்டி, ஒலிப்பதிவு இயந்திரம் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒலிபரப்பைச் சரிபார்க்க வாங்கிய சோதனைக் கருவிகளை வாத்தியமாக்கியவர்கள்தான் இந்தத் துறையின் முதல் தலைமுறை.

அதற்கும் முந்திய ஒருவர் எகிப்தில் இருந்தார், ஹலிம் எல்-தாப். 1944-இல் கெய்ரோ வானொலிக்காரர்களிடம் கம்பியில் ஒலி பதியும் இயந்திரமொன்றை இரவல் வாங்கிக்கொண்டு, ஸார் என்ற சடங்கு நடக்கும் இடத்துக்குப் போனார். உடம்பில் இறங்கிய ஆவியைக் கொட்டும் பாட்டுமாகச் சாந்தப்படுத்தும் சடங்கு அது. அங்கே பதிந்ததை வானொலி நிலையத்தில் வைத்து எதிரொலி கூட்டி, ஓசையின் சில பகுதிகளை வடித்தெடுத்து, புதிய படைப்பாக்கினார். கண்டுபிடிப்பு ஐரோப்பாவில், நாங்கள் எல்லாம் பின்னால் கேட்டவர்கள் என்ற எண்ணம் இதைப் படித்த அன்று என்னை விட்டுப் போனது. சாமி இறங்குகிற இடத்தில் அடிக்கிற கொட்டு! அதைவிட எங்களுக்குப் பக்கமான விசயம் எது?

பாரிசில் பியர் ஷேஃபர் 1948-இல் செய்ததும் எங்களுக்குத் தூரமானதில்லை. பத்தினியோல் ரயில் நிலையத்துக்குப் போய் என்ஜின் மூச்சையும் சக்கரத் தட்டையும் விசிலையும் பதிந்து, வெட்டி, அடுக்கி, ரயில்களைப் பற்றி ஒரு சிறு இசைப்படிப்பு செய்தார். அப்போது அவர் கையில் நாடா இல்லை, இசைத்தட்டுதான். தட்டின் பள்ளத்தைச் சுழலாக மூடிவிட்டால் ஊசி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். 'கீறல் விழுந்த ரெக்கார்ட் மாதிரி' என்று நாம் திட்டுகிற அதே கோளாறுதான். ஷேஃபர் அதைக் கோளாறாக விடவில்லை. சக்கரத்தின் நான்கு தட்டைச் சுற்ற விட்டுக் கேட்டால் கொஞ்ச நேரத்தில் அது ரயில் என்பது மறந்து தாளம் மட்டும் மிஞ்சுகிறது. இன்றைக்கு 'லூப்' என்று மருமகன் தட்டுகிற பொத்தானின் பூட்டன் அந்த மூடிய பள்ளம்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவன் சிரித்தான். "தெமோதர, மாமா!"

சரியாகப் பிடித்தான். பதுளைக்கு ரயில் வந்தது 1924-இல். தெமோதரவில் தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து, தான் விட்டுப்போன அதே ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. செங்குத்தான சரிவில் ரயில் நேராக இறங்க முடியாது என்பதால் போட்ட வளையம் அது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இன்ஜினியருக்கு இந்த யோசனை வந்ததாக எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் அதைச் சொல்லும்போது எங்கள் ஆட்களின் முகத்தில் வருகிற பெருமை கதையில்லை. அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்து மலையெல்லாம் கொழுந்து எடுத்தவர்கள் 1948-இல், ஷேஃபர் பாரிசில் ரயிலைப் பதிந்த அதே வருடத்தில், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள்.

இங்கேதான் கொழும்பு ரேடியோ கதைக்குள் வருகிறது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியியலாளர், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலிப் பாகங்களைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார் என்பார்கள். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரில் படைகளுக்காக இங்கே நிறுவிய பலமான சிற்றலை ஒலிபரப்புக் கருவிகள் போர் முடிந்ததும் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949-இல் அது ரேடியோ சிலோன். 1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தபோது இந்தியா முழுவதும் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பியது. போருக்குச் செய்த இயந்திரம் சினிமாப் பாட்டைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது.

எங்கள் வீட்டில் அதற்கு வேறொரு பொருளும் இருந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அப்பாயியின் தங்கச்சி குடும்பம் அந்தக் கணக்கில் போனது. பதுளை ஸ்டேசனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கினார்கள். கடிதம் வர மாதமாகும். ஆனால் பொழுது சாயும்போது இரண்டு வீட்டிலும் முள் ஒரே இடத்தில் நிற்கும். "இந்நேரம் அவளும் இதத்தான் கேப்பா" என்று அப்பாயி சொல்லிவிட்டு ரேடியோவையே பார்த்துக்கொண்டிருப்பார். அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை சில நேரம் இரண்டு வழியாக வந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். அப்போது குரல் ஒரு குழாய்க்குள் சுழன்று போவது போல மங்கி மங்கித் தெளியும். இன்றைய கருவிகளில் 'ஃபிளாஞ்சர்' என்று தனிப் பொத்தான் வைத்து இதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஓசையை விற்கிறார்கள். எனக்கு அந்தப் பொத்தானைத் தட்டினால் அப்பாயியின் முகம் வரும்.

கொழும்பு ரேடியோவில் ஒலித்த பாட்டுக்குள்ளேயே எலெக்ட்ரோனிக் வாத்தியம் மறைந்திருந்தது என்பது இன்னும் சுவையான விசயம். 1954-இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி இசையைக் கேட்டால் பாம்பாட்டி கண்முன் வருவான். இன்றைக்கும் எங்கள் திருவிழாவில் பேண்ட்காரர்கள் அந்த மாதிரி மெட்டை எடுத்தால் ரெண்டு பேர் பாம்பாகி நெளிவது நிச்சயம். அந்த மகுடி மகுடியே இல்லை. பிரான்சில் கொன்ஸ்தான் மார்த்தின் 1947-இல் உருவாக்கிய கிளாவியோலின் என்ற வால்வு விசைப்பலகை. அதை வாசித்தவர் கல்யாண்ஜி. பிற்பாடு கல்யாண்ஜி-ஆனந்த்ஜி என்று புகழ்பெற்ற இரட்டையரில் ஒருவர். மோக் சிந்தசைசர் பிறப்பதற்குப் பத்து வருடம் முந்தியே எங்கள் காதில் எலெக்ட்ரோனிக் அலையாக்கி ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

மோக் என்றதும் அகமதாபாத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் கேஜின் தோழர் டேவிட் ட்யூடர் வந்து ஒரு மோக் இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். 1946-இல் நியூயோர்க்கில் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்த கீதா சாராபாய் அதில் பணிசெய்தவர்களில் ஒருவர். சில வருடத்தில் அது அடங்கிப்போனது. பதிவுகள் அலமாரியில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற லண்டன் கலைஞர் தேடி எடுத்து, 2023-இல் இசைத்தட்டாக வெளியானது. பம்பாயில் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் கருவிகள் மூன்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த தட்டும் அப்படித்தான். வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010 மறுபதிப்புக்குப் பிறகு உலகமே கொண்டாடியது. நம் பக்கத்தில் யாராவது செய்தால் முப்பது வருடம் அலமாரியில் கிடக்க வேண்டும் என்பது என்ன விதி என்று எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது.

எங்கள் மலைக்கு அந்த ஓசை நேராக வந்தது 1986-இல். பதுளை டவுனில் கெசட் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று. வெற்றுக் கெசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த சம்பளத்துக்குப் போய் எடுக்கலாம். கடை வாசலில் ஆளுயர ஸ்பீக்கர். நான் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நின்றேன். 'புன்னகை மன்னன்' படத்தின் இசை வந்தது. பாட்டு இல்லை, வெறும் இசை. கொட்டு மனிதக் கை அடித்தது போல இல்லை. ஒவ்வொரு அடியும் ஊசியால் குத்தியது போல ஒரே இடத்தில் விழுந்தது. இளையராஜா கணினியையும் சீக்குவென்சரையும் வைத்துச் செய்த இசை அது. அப்போது திலீப் என்ற பெயரில் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்த ரகுமானும் அந்த வேலையில் இருந்தவர். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. பஸ் போய்விட்டது. வேறு பஸ்ஸில் பாதி வழி வந்து இறங்கி மிச்சத்தை நடந்தே போனேன்.

அந்தக் காலத்து டிஜிட்டல் கீபோர்ட்டுகளின் கண்ணாடி மணி போன்ற ஓசைக்கும் ரேடியோவோடு உறவு உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஸ்டான்ஃபர்டில் ஜோன் சௌனிங் 1967-இல் ஒரு ஸ்வரத்துக்குக் கமகம் கொடுப்பது போல இன்னொரு அலையால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டத்தை வேகமாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் அசைவு அசைவாகக் கேட்கவில்லை. ஓசையின் நிறமே மாறி மணியானது, பித்தளையானது. எஃப்.எம். வானொலியில் குரலைச் சுமக்க அலையை ஆட்டுகிற அதே உத்தி. யமஹா அதை வாங்கி 1983-இல் டிஎக்ஸ்7 என்று வெளியிட்டது. எங்கள் தோட்டத்துக் கோயில் பஜனைக்கும் மாதா கோயில் பாட்டுக்கும் கீபோர்ட் வந்து சேர அதற்குப் பிறகு பல வருடம் பிடித்தது.

கொழும்பிலேயே குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் பற்றியும் மருமகனுக்குச் சொன்னேன். 1961-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஐபிஎம் கணினியைப் பாட வைத்தார்கள். பின்னிசையை அமைத்தவர் மேக்ஸ் மேத்யூஸ். கிளார்க் அங்கே போனபோது அதைக் கேட்டார். அவர் எழுத்தில் பங்கெடுத்த '2001' படத்தில் ஹால் என்ற கணினி நினைவு மங்கிச் சாகும்போது பாடுவது அந்தப் பாட்டைத்தான். "சிலோன்ல இருந்தவரா?" என்றான். அவனுக்கு அது ஒரு தெம்பு.

தெம்பு இருந்தும் தப்பு இல்லையே. அவன் பழைய கேள்விக்கே வந்தான். "தபலாவ யாரோ பதிஞ்சிதானே உள்ள போட்டிருப்பாங்க. நம்ம போய் பதிஞ்சா என்ன?"

அடுத்த ஞாயிறு நான் வளர்ந்த தோட்டத்து மேல்கணக்குக்குப் போனோம். அங்கே தப்படிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். அவர் அப்பா காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, ஆள் எழுப்பியதே தப்புத்தான். பிறகுதான் சங்கும் மணியும். இருட்டில் அப்பாவின் பின்னால் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஓடியதை அவர் சொன்னார். பெரட்டுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. தூரத்து மலையில் இருப்பவர்கள் அடியை வைத்தே என்ன செய்தி என்று தெரிந்துகொள்வார்கள்.

தப்பைக் கேட்டு எழும்பிய லயம் தப்படித்தவரை வாசலோடு நிறுத்தியது. வேறு டம்ளரில் தேத்தண்ணி கொடுத்தது. எங்கள் வீடும் அதில் சேர்த்திதான். அதனால்தான் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் தப்பைத் தொடவில்லை. கொழும்பில் கடை வேலை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு ஒரு உரிமையும் கிடையாது. பாடகி எம்.ஐ.ஏ. 2007-இல் 'கலா' ஆல்பத்தில் உறுமி மேளத்தைப் போட்டு உலகத்தை ஆட வைத்தபோது நான் மகிழ்ந்தேன். ஆனால் மேடையில் உறுமிக்குக் கிடைக்கும் மரியாதை லயத்தில் அதை அடிக்கிற மனிதனுக்கு வந்து சேர்ந்ததா என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. மருமகனிடம் வழியிலேயே ஒரு நிபந்தனை போட்டேன். எதைச் செய்தாலும் அவர் பெயர் அதில் இருக்க வேண்டும், அவர் சம்மதித்தால் மட்டும். காசும் அவர் கையில் போக வேண்டும்.

"வாங்க தம்பி" என்றார். காய்ந்த புல்லும் பழைய பேப்பரும் போட்டுத் தீ மூட்டினார். தோலைத் தீக்குக் காட்டிக் காட்டி விரலால் சுண்டிப் பார்த்தார். சுருதி ஏறுவது எங்கள் காதுக்கே தெரிந்தது. மருமகன் போனை முன்னால் பிடித்தான். ஒரு சுற்று அடித்தார். கேட்டுப் பார்த்தோம்.

தப்பே இல்லை. பெட்டிக்குள் யாரோ கட்டையால் தட்டுவது போல ஒரு மொத்து.

போன் மனிதக் குரலுக்காகச் செய்தது. குரல் இல்லாத எதையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கும். திடீரென்று பலமாக ஓசை வந்தால் தானாகவே வாங்குவதைக் குறைத்துவிடும். தப்பின் முதல் அறைக்கே அது காதைப் பொத்திக்கொண்டது. இயந்திரமும் நம் தப்பை வாசலோடு நிறுத்துகிறது என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவன் அமைப்புகளைத் தோண்டி அந்த வடிகட்டலையும் தானியங்கிக் குறைப்பையும் நிறுத்தினான். பத்தடி தள்ளி, போனைத் தோலுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் ஒரு கல்லில் சாய்த்து வைத்தோம். எதிரே மலை. பெரியவர் ஓங்கி ஒரு அறை அறைந்தார். மூன்று விநாடி கழித்து அது மலையிலிருந்து திரும்பி வந்தது. ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர் போகும், அப்படியென்றால் அந்தப் பாறை 500 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது என்று அவன் கணக்குப் போட்டான். இதற்குத்தான் வெளிநாட்டில் நாடாவைச் சுழல விட்டு எதிரொலிப் பெட்டி செய்தார்கள். பெரியவர் அந்த மூன்று விநாடியை அறிந்தே வைத்திருந்தார். மலை பதில் சொல்லும்வரை காத்திருந்து, அதன் மேல் அடுத்த அடியை வைத்தார்.

வீட்டுக்கு வந்து அந்த ஓசைகளைப் பதினாறு கட்டத்துக்குள் போட்டபோது அடுத்த சிக்கல். பெரியவரின் அடி எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. சின்னக்குச்சியின் அடி எப்போதும் ஒரு மயிரிழை முந்தியது, பெருங்குச்சி ஒரு இழை பிந்தியது. கட்டத்துக்கு இழுத்து உட்கார வைக்கும் வசதி போனில் உண்டு. தட்டிப் பார்த்தான். உயிர் போய்விட்டது. உடனே திருப்பிவிட்டான். இப்போது கட்டங்களை விட்டுவிட்டு அவர் அடியையே முதலில் ஓட விட்டு, மற்ற ஓசைகளை அதற்குப் பின்னால் நடக்க வைக்கிறான். புல் எரியும் படபடப்பும் பதிவில் விழுந்திருந்தது. அதை நீக்கட்டுமா என்றான், வேண்டாம் என்று அவனே சொல்லிக்கொண்டான். அந்தப் படபடப்பை மெதுவாக்கி, அடியில் மழை போல ஓட விட்டிருக்கிறான்.

ரோலண்ட் 808 என்ற புகழ்பெற்ற தாளப் பெட்டிக்குள் எந்தக் கொட்டின் பதிவும் கிடையாது என்று அவனுக்குச் சொன்னேன். 1980-இலிருந்து 1983 வரை, சுமார் 12,000 பெட்டிதான் செய்தார்கள். ஒரு சிறு மின்சுற்றைச் சுண்டிவிட்டால் அது அதிர்ந்து அடங்கும், அதுதான் அதன் பெருங்கொட்டு. அப்படியானால் பதியாமலே, வெறும் அலையிலிருந்து தப்பைச் செய்ய முடியுமா என்று கேட்கிறான். முயன்று பார் என்றேன். இன்னும் முயன்றுகொண்டிருக்கிறான்.

நேற்று பதிவைக் கொண்டுபோய் பெரியவருக்குக் கேட்கக் கொடுத்தோம். ஹெட்போனைக் காதில் மாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டார். விரல் மட்டும் முழங்காலில் அசைந்தது. ஓர் இடத்தில் சட்டென்று கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டு பேராண்டி. இந்த எடம் ரெண்டாந்தரம் காய்ச்சுறதுக்கு முந்தி அடிச்சது. தோல் எளகிருச்சு. இத வச்சுப் பாட்டு கட்டாத."

மருமகன் போனைப் பார்த்தான். அவர் சொன்ன இடம் சரிதான். முதல் சுற்றின் கடைசிப் பதிவு.

"வேற பதியலாமா தாத்தா?"

வெளியே சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்த ஈரத்துல ஆகாது. மாசியில வாங்க, காமன் ஊன்றப்போ. மத்த தப்பும் வரும்."

எத்தனை தப்பு வரும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். மூன்றில் நின்றது.

மாசிக்கு லீவு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தப்புக்கும் தனி மைக் வேண்டும் என்கிறான் மருமகன். யாரிடமாவது மைக் இரவல் கிடைக்குமா?